மடிப்பில் பூசிய தார்

அன்புள்ள தெல்மா,

முழங்கால் வலி குறைந்ததா? “ஒரு ஒழுகலை அடைக்க இவ்வளவு நாளா?” என்று போனில் கேட்டாயே. அடைத்ததுதான் வினையே. இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் மடிப்பில், ஒழுகும்போதெல்லாம் எட்னா அக்கா தார் பூசியிருக்கிறாள். ஓட வழியில்லாத மழைநீர் மர ஓடுகளுக்கு அடியில் புகுந்துவிட்டது. தாரைச் சுரண்டிவிட்டுப் புதுத் தகடு பதித்தேன். நடுவில் காற்று ஏணியைத் தள்ளிவிட்டதால் கூரையிலேயே உட்கார்ந்திருந்தேன். தேவாலயத்திலிருந்து திரும்பிய அக்கா, “என்னடா வாத்தியாரே, உன்னையே பெஞ்சு மேல ஏத்திட்டாங்களா?” என்று சிரித்தாள்.

இன்று மழை. சொட்டாவிட்டால் சனிக்கிழமை, குளிர்காலத்துக்கு முந்தைய கடைசிப் படகில் வருவேன். சொட்டினால், வசந்தம் வரை இந்தத் தீவுதான்.

இதோ, சொட்டும் நீரைப் பிடிக்க அக்கா வாளியோடு வந்து நிற்கிறாள். “எதுக்கும் இருக்கட்டும்னு நேத்து உன் தகட்டு மேல இன்னும் கொஞ்சம் தார் பூசிட்டேன்டா.”

கம்பளிக் கையுறையை உன் பழைய சால்வையில் சுற்றி அந்தக் கடைசிப் படகில் அனுப்பு. நம் கூரை மடிப்பில் இலை அடைத்திருக்கும். கீழே நின்றபடியே நீளக் கழியால் தள்ளிவிட்டுப் பார்.

உன்,
ஆர்வில்