மேல் டிவிசனுக்கு ஒரு குதிரை

நவம்பர் 2, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். தோட்டத்து லொறிக்கு டயர் இல்லை. எப்போது வரும், ஆண்டவருக்கே வெளிச்சம். மேல் டிவிசனுக்கு நாலு மைல் ஏற்றம், நடந்தால் ஒன்றரை மணி நேரம். அங்கே கமலத்தின் பிரசவத்துக்கு இன்னும் இரண்டு வாரம்தான். போன வருசம் அவளுடைய தலைப்பிள்ளைக்கு, தோட்டத்து மருத்துவச்சி நான் மூச்சிரைக்க ஏறிப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது, பிள்ளை இல்லை. ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வெள்ளைத் துரை விட்டுப்போன பெண் குதிரை டெய்சி லாயத்தில் சும்மா தின்றுகொண்டு நிற்கிறது. புதுத் துரையிடம் கேட்டேன். சிரித்தார்.

"ஓட்டத் தெரியுமா மிஸ்ஸி?"

"பழகிக்கிறேங்க."

எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஆனால் குதிரைக்காரர் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். சொல்லித்தர ஆளில்லை.

நவ. 4, வியாழன்

வெயில். பதுளை டவுன். வாங்க வேண்டியது: கடிவாளம், சேணத்துக்கு வயிற்றுப் பட்டி, கொள்ளு, நம் பூனைக்குப் பூச்சி மருந்து.

மூன்று கடை ஏறி இறங்கினேன். இரும்புக்கடை முஸ்லிம் நானா: "குதிரைச் சாமானா? துரைமாரோட அதுவும் போச்சு மிஸ்ஸி. கப்பல்ல ஒண்ணும் வர்றதில்ல." ஆனாலும் பரணில் ஏறி, துருப்பிடித்த கடிவாளம் ஒன்றை இறக்கித் தந்தார். நல்ல மனுசன். செருப்புத் தைப்பவர் ஃபெக்டரி மெசின் பெல்ட்டை அறுத்து வயிற்றுப் பட்டி தைத்தார். கொள்ளு கிடையாது. தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு.

திரும்பும் வழியில், பசறையில் மாட்டுக்கு லாடம் அடிப்பவர்: "மாட்டுக் குளம்புக்கு ரெண்டு துண்டு, குதிரைக்கு ஒண்ணு. வளைச்சுப் பாக்குறேன், கொண்டாங்க."

பூனை மருந்து மறந்துபோச்சு.

நவ. 7, ஞாயிறு

நேற்று லாடம் அடித்தாயிற்று. இன்று வெயில். கோயில் முடிந்து, வீட்டுக்காரரின் பழைய கால்சட்டையை மாட்டிக்கொண்டு ஏறினேன். வாத்தியார் கால்சட்டை, இடுப்பில் கயிறு. லயத்து வரிசை வீட்டுப் பெண்களெல்லாம் வாசலில். "மிஸ்ஸி தொரையாயிட்டாங்கடி." சிரிக்கட்டும். டெய்சி தங்கம். பாலம் தாண்டினாள், நாய் குரைத்தும் அசையவில்லை. எனக்குத்தான் இடுப்பு போச்சு.

நவ. 9, செவ்வாய்

மழை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தருகே டெய்சி பின்னங்காலில் எழும்பி, என்னைத் தேயிலைக்குள் எறிந்துவிட்டு லாயத்துக்கு ஓடிவிட்டாள். முழங்கை சிராய்ப்பு.

நவ. 10, புதன்

மழை. இன்று பள்ளிக்கூட வளைவில். மறுபடி விழுந்தேன். லாடம் சரி. பட்டி சரி. லாய முற்றத்தில் மழையில் நிறுத்திப் பார்த்தேன், மாடு மாதிரி நிற்கிறாள்.

இவர்: "விட்டுரு. கை கால் போனா யாரு பிள்ளை எடுக்குறது?"

கமலத்துக்குக் கால் வீங்கியிருக்கிறதாம்.

நவ. 12, வெள்ளி

காரணத்தைப் பிடித்துவிட்டேன். கொட்டுகிற மழையில் ஒரு கையில் புண்ணாக்கு வாளி, ஒரு கையில் குடை. லாய வாசலில் எப்போதும் குடையை மடக்குவேன். இன்று வாளியால் முடியவில்லை, விரித்தபடியே உள்ளே போனேன். டெய்சி சுவரோடு ஒட்டி நடுங்கினாள்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. துரை குதிரையில் வந்தால் யாரும் குடை பிடிக்கக் கூடாது. மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தண்ணீர் ஓடும் கானோரம் ஒதுங்கி நனைய வேண்டும். பன்னிரண்டு வருசம் அவரைச் சுமந்த குதிரை, விரித்த குடை ஒன்றைக்கூடக் கண்டதில்லை. இப்போது சனம் மடக்குவதில்லை; நான் விழுந்த இரண்டு இடத்திலும் விரித்த குடைதான். நான் மட்டும் மடக்கிக்கொண்டிருந்திருக்கிறேன், துரையில்லாத குதிரைக்கு. வெட்கமாயிருந்தது. சிரிப்பும் வந்தது.

நவ. 14, ஞாயிறு

விரித்த குடைக்கு அடியில் புண்ணாக்கு. நேற்று முழுக்கத் தொடவில்லை. இன்று மாலை கழுத்தை நீட்டி ஒரு வாய்.

நவ. 16, செவ்வாய்

கூட்டுறவுச் சங்கக்கடையிலிருந்து வந்த ஆறு பெண்களைக் குடை விரித்து வரிசையாக நிற்கச் சொன்னேன். டெய்சி நடுவே நடந்தாள். காது மட்டும் ஆடியது. இவர் கைதட்டினார்.

நவ. 18, வியாழன்

அடை மழை. பதினொரு மணிக்குக் கமலத்தின் புருசன் செல்லையா ஓடிவந்தார். "வலி எடுத்துருச்சு மிஸ்ஸி." பையை மாட்டிக்கொண்டு ஏறினேன். பள்ளிக்கூட வளைவில் குடை, மடுவத்தருகே நாலு குடை. டெய்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அரை மணியில் மேலே.

பிள்ளை கால் முன்னால் வந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால், வேண்டாம், எழுத மாட்டேன். பெண். நல்ல சத்தம். கமலம் அழுதாள், நானும்தான். ஒரு வருசமாய் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. செல்லையா நடந்து மேலே வந்து சேர்வதற்குள் எல்லாம் நல்லபடியாய் முடிந்திருந்தது.

வெளியே வந்தால், அவர் டெய்சியைப் பிடித்துக்கொண்டு தொப்பலாய் நிற்கிறார். குடை கக்கத்தில்.

"எதுக்கு நனையிறீங்க?"

"தொரை குதிரையாச்சே மிஸ்ஸி. கை தானா மடக்கிருச்சு."

"குடைய விரிங்க. அது கஷ்டப்பட்டுப் படிச்சத நீங்க கெடுக்காதீங்க."

விரித்தார். டெய்சி குடைக்குள் தலையை நுழைத்து, அவர் சட்டையெல்லாம் புண்ணாக்குத் தேடினாள்.