இரண்டு வடங்களுக்கு நடுவே

டிசம்பர் 24, புதன்

அடி அண்ணாமலைப் புளியமரத்தை ஏற்றும் வேலை எங்களுக்கே என்று முடிவாகிவிட்டது. போன மாத மழையில் கிரிவலப் பாதை ஓரம் சாய்ந்த மரம். கிளையெல்லாம் கழித்து விறகாக்கி அனுப்பியாயிற்று. அடித்துண்டு மட்டும் யாரையும் மதிக்காமல் கிடக்கிறது. பௌர்ணமிக்கு முன் எடுத்தாக வேண்டும், கூட்டம் வந்துவிட்டால் லாரி உள்ளே நுழையாது. தலைக்கு மேல் மின்கம்பி போவதால் கிரேனும் வராது. கையால்தான் ஏற்ற வேண்டும்.

ஏற்றும் முறை எங்களுக்குப் பழக்கம்தான். லாரியின் பக்கப்பலகையை இறக்கி, இரண்டு சவுக்குக் கட்டைகளைச் சாய்த்து வைக்க வேண்டும். இரண்டு வடங்களை லாரியில் கட்டி, மரத்துக்கு அடியில் கொடுத்து, மேலே சுற்றி எடுத்து, லாரிக்கு அந்தப் பக்கம் நின்று இழுத்தால் மரம் உருண்டு ஏறும். ஆனால் இரண்டு முனையும் ஒன்றாக ஏற வேண்டும். ஒன்று முந்தினால் தீர்ந்தது.

ஒரு வடத்துக்கு என் வீட்டுக்காரர் குமரேசன். இன்னொன்றுக்கு என் தம்பி மாறன். ஆவணியிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

டிசம்பர் 26, வெள்ளி

எல்லாம் ஒரு பேனரால் வந்தது. ஆவணியில் எங்கள் பாப்பாவின் காதுகுத்துக்கு இவர் வைத்த பேனரில் இவருடைய நண்பர்கள் அத்தனை பேரும் கூலிங் கிளாஸோடு சிரிக்கிறார்கள். தாய்மாமன் படம் மட்டும் இல்லை. மாறன் வந்தான், பாப்பாவை மடியில் வைத்துக் காது குத்த வைத்தான், கை நனைக்காமல் போய்விட்டான். இவரும் போய்க் கூப்பிடவில்லை.

வேலைக்கு மட்டும் வருகிறான். இன்று பார்க்க வேண்டுமே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு!

"எழிலு, உன் தம்பிகிட்ட கடப்பாரைய கேளு."

"அக்கா, அது மரத்தாண்டதான் இருக்குதுன்னு சொல்லு."

எனக்குச் சிரிப்புதான் வந்தது.

டிசம்பர் 27, சனி

கடப்பாரையால் நெம்பி, உருளைக் கட்டை கொடுத்து, லாரியின் பக்கம் வரை உருட்டிவிட்டோம். நாளை ஏற்ற வேண்டும்.

டிசம்பர் 28, ஞாயிறு



மரம் பாதி ஏறியிருந்தது. மரம் திரும்பி உருளாமல் ஒவ்வொரு இழுப்புக்கும் பின்னால் ஆப்பைத் தள்ளி வைப்பது என் வேலை. பக்கவாட்டில் நின்று, நீளக் கம்பால் தள்ள வேண்டும். மரத்துக்கு நேர் கீழே யாரும் நிற்கக் கூடாது. நானும் நிற்கவில்லை.

லாரிக்கு அந்தப் பக்கமிருந்து மாறன் கத்தினான். "அக்கா, கை வழுக்குது, மாமாவ நிறுத்தச் சொல்லு!"

மாமா அவனுக்குப் பக்கத்தில் நிற்கிறார். எனக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு லாரி. "ஏங்க, நிறுத்துங்க" என்று நான் வாயைத் திறப்பதற்குள் இவர் இன்னொரு இழுப்பு இழுத்துவிட்டார். ஒரு முனை ஏறியது, மறுமுனை இறங்கியது. மரம் கோணிக்கொண்டு, கட்டையை விட்டு, என் பக்கமாக —

குதித்துவிட்டேன். எப்படிக் குதித்தேன் என்று தெரியவில்லை. கீழே விழுந்து பார்த்தால் புடவை முந்தானை மரத்துக்கு அடியில். லாரிக்கார ஜுபைர் ஓடிவந்து கத்தியால் அறுத்துத்தான் என்னை எழுப்பினார்.

"அவன் கத்துனது உங்க காதுல விழலியா?" என்று இவரைக் கேட்டேன்.

"விழுந்துச்சு. எங்கிட்டயா சொன்னான்?"

எங்கிட்டயா சொன்னான்! கேட்டுச்சாம், ஆனா இவர்கிட்ட சொல்லலையாம்! இவனாவது ஒரு தரம், ஒரே ஒரு தரம், மாமான்னு கூப்பிட்டா நாக்கு அழுகிடுமா? இதுங்க ரெண்டுக்கும் நடுவுல நான் எதுக்குச் சாகணும்?

டிசம்பர் 29, திங்கள்

பாப்பாவுக்குத் தலை பின்னும்போது அழுகை வந்துவிட்டது. பயம்தான், வேறு ஒன்றுமில்லை. படம் போடாததற்கு இவ்வளவு ரோஷம் என்றால், நான் நசுங்கியிருந்தால் இன்னொரு பேனர் வைத்திருப்பார்கள். கண்ணீர் அஞ்சலி. அதில் இரண்டு பேர் படமும் தவறாமல் இருந்திருக்கும்.

டிசம்பர் 30, செவ்வாய்

மரத்தருகே போனதும் சொல்லிவிட்டேன். "ஆப்பு வைக்கிறேன். மரம் எப்படிப் போவுதுன்னு பாத்துச் சொல்றேன். ஆனா ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர்கிட்ட சொல்ல மாட்டேன். பேசுறதா இருந்தா வடத்தத் தொடுங்க."

இரண்டு பேரும் வடத்தைப் பார்த்தார்கள். மலையைப் பார்த்தார்கள். தொடவில்லை. ஜுபைர் மட்டும் என்னிடம் வந்து, "நீங்க சொன்னதுதான் கரெக்டுக்கா. அதுங்க பேசுனாதான் வண்டியக் கொண்டாருவேன்" என்று சொல்லிவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜனவரி 1, வியாழன்

பாதையை எப்போது காலி செய்வீர்கள் என்று ஊரிலிருந்து ஆள் வந்து கேட்டார். நான் இவரைக் காட்டினேன். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு மாறன் வீட்டுப் பக்கம் நடந்தார். திரும்பி வந்து, "காலையில வர்றான்" என்றார். வேறு என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 2, வெள்ளி

ஜுபைர் லாரியோடு வந்தார், மாறனும் வந்தான். மாமனும் மச்சானும் வடத்தைப் பிடித்தார்கள். முதல் நாலைந்து இழுப்புக்கு வாயே திறக்கவில்லை, மூச்சுச் சத்தம்தான் கேட்டது. போன முறை சரிந்த அதே இடத்துக்கு மரம் வந்தது. மாறன் பக்கம் வடம் சட்டென்று தொய்ந்தது. "மாறன் முனை இறங்குது!" என்று கத்திவிட்டு விலகினேன்.

"மாமா, இழுக்காதீங்க! சேத்துல கால் வழுக்குது! அப்படியே புடிச்சிக்கோங்க!"

"புடிச்சிருக்கேன்டா! நீ கால ஊணு மொதல்ல! அவசரப்படாத!"

மரம் அப்படியே நின்றது. கம்பால் ஆப்பைத் தள்ளினேன், இறுகியது. "ஊணிட்டேன் மாமா." "சரி, ஒண்ணா இழு." ஏறிவிட்டது. ஜுபைர் சங்கிலி போட்டு இறுக்கினார். நான் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சண்டை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. பேனரில் தொடங்கி, பொங்கல் வரிசை, பைக் இரவல் என்று ஒன்று விடவில்லை. வீட்டுக்கு வந்தும் ஓயவில்லை. சோறு போட்டேன். "உன் பக்கந்தான் லேட்டு" என்கிறார் இவர். "நீங்கதான் ஜாஸ்தி இழுத்தீங்க" என்கிறான் அவன். ரசம் வேண்டுமா என்று மாமன் மச்சானை நேராகவே கேட்டார், கொஞ்சமாக ஊற்றச் சொல்லி மச்சான் தட்டை நீட்டினான்.

என்னிடம் யாரும் எதையும் சொல்லச் சொல்லவில்லை. தட்டைப் போட்டுக்கொண்டு நானும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.