நம்பும்படியான காதல்

ஓசூர்
9 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

படத்தில் அவன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். இன்று காலை ஹாஸ்டல் டிவியில் போட்டார்கள். ஒரு நிருபர் பெண் ஒரு கம்பெனியின் தப்பை எழுதுகிறாள். அவளுக்கு உள்ளேயிருந்து சேதி சொல்பவன் அந்தக் கம்பெனித் தொழிலாளி. பத்திரிகை ஆபீஸ் காட்சிகளை மூச்சுவிடாமல் பார்த்தேன். திடீரென்று இரண்டு பேருக்கும் காதலாம். பஸ் ஸ்டாண்டில் கைகோத்துப் பாடுகிறார்கள். சேதி சொன்னவன் அப்படி நடுவில் போய் நிற்பானா? பக்கத்தில் உட்கார்ந்திருந்த நம் ஊர் ரூபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏனென்றால் இங்கே சேதி சொன்னவள் நான். எங்கள் பெயின்ட் செக்‌ஷனில் சுமலதா மயங்கி விழுந்தாள் இல்லையா, சாப்பிடாமல் வந்தாள் என்று கம்பெனியில் முடித்துவிட்டார்கள். புகையை இழுக்கும் ஃபேன் ஓடவே இல்லை. அதைப் பேரிகைச் சந்தையில் வைத்து சௌந்தரராஜன் என்ற நிருபரிடம் சொன்னேன். என் பெயர் போடாமல் எழுதினார். இப்போது, சொன்னது யார் என்று தேடுகிறார்கள். நான் சந்தையில் ஓர் ஆளோடு நின்றதை யாரோ வார்டன் சாந்தம்மாவிடம் சொல்லிவிட்டார்களாம். எங்கள் போன்கள் அவரிடம்தான் இருக்கின்றன. அதனால் ஊருக்கு வரும் ரூபாவிடம் இதைக் கொடுக்கிறேன்.

கேட்டால் என்ன சொல்லட்டும் அக்கா?

உன்
சுப்ரியா

சிங்காரப்பேட்டை
10 ஜூன் 2024

சுப்ரியாக் கண்ணு,

பக்கத்து வீட்டில் பேசவே கூச்சப்படுவாயே, இதை எப்படியடி செய்தாய்? எனக்குக்கூடச் சொல்லாமல்! திட்ட நேரமில்லை, ரூபா பஸ்ஸுக்கு நிற்கிறாள்.

காதல் என்று சொல்லிவிடு. காதல் என்றால் சிரிப்பார்கள், கத்துவார்கள், வீட்டுக்குச் சொல்வார்கள். நிருபர் என்று தெரிந்தால் உன் வேலையும் போகும், சுமலதா வேலையும் போகும். வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பவளை நடுத்தெருவில் விடாதே.

அப்பாவிடமும் அதையே சொல். அவரிடம் உண்மையைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் டீக்கடை வரை போய்விடும். என்மேல் அவருக்கு எப்போதும் சந்தேகம். உன்மேல் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.

ரஞ்சிதா

ஓசூர்
13 ஜூன் 2024

அக்கா,

இன்று சாப்பாட்டு ஹாலில் எல்லார் முன்னாலும் சாந்தம்மா என்னைக் கூப்பிட்டார்.

"சந்தையில நின்னானே, யாருடி அவன்?"

"லவ் பண்றேங்க மேடம்."

"எந்த ஊரு?"

இதை நாம் யோசிக்கவே இல்லை. "கேக்கலீங்க" என்றேன்.

"ஊரு தெரியாமயே லவ்வா? நல்லாருக்குடி கதை!"

பின்னாலிருந்து ஒருத்தி, "ஊமக்கோட்டான் பண்ற வேலையப் பாருங்கடி!" என்று கத்தினாள். ஹால் முழுக்கச் சிரிப்பு. நான் பயத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். சாந்தம்மா அதை வெட்கம் என்று நினைத்துக்கொண்டார். "தலைய நிமிருடி, பெரிய ஹீரோயினு" என்றார். சுமலதா மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அங்கேயே அப்பாவுக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்து விஷயத்தைச் சொன்னார். அப்பா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"பாப்பா, நீ சொல்லு. அந்தம்மா சொல்றது நெசமா? நீ இல்லேன்னு சொன்னா நான் நம்பறேன்."

சாந்தம்மா போனை என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"நெசந்தாம்பா" என்றேன்.

சுப்ரியா