கண்டாக்குக்கு அரைப்பேர்

என் அன்பான ரிஸ்வான் நானாவுக்கு,

கடையைத் திறந்துவிட்டேன். முதலில் அதைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நீங்கள் வேறு எதையும் காதில் வாங்க மாட்டீர்கள். உங்கள் மனைவி, என் மச்சிதான் சாவியைக் கொடுத்தார். "பூட்டிக் கெடந்தா எனக்கு மேல இருக்க முடியல தங்கச்சி, சனம் வந்து போற சத்தமாவது கேக்கட்டும்" என்றார். போட்டோ கொப்பி மெஷின் பழையபடி இடது பக்கம் கறுப்பாக அடிக்கிறது. ஹட்டனில் மழை விடவில்லை.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வரும் வரும் என்று இருக்கிறேன். வட்டவளையில் பஸ் ஏறுகிறேன், இறங்குகிறேன், ஷட்டரைத் தூக்குகிறேன், ஆட்கள் கொண்டு வரும் விண்ணப்பங்களை டைப் செய்து கொடுக்கிறேன். எல்லாம் பிழையில்லாமல் நடக்கிறது. எனக்கே அது பிடிக்கவில்லை.

உங்களுடைய பெரட்டுக் களத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துத் தெரியவில்லை, பிரிண்டர் ஓடவில்லை என்று ஆட்கள் வந்து கேட்கிற ஓர் இணையக் குழுமம் அது. அதில் "சும்மா கதைக்கும் மூலை" என்று ஒன்று இருந்தது. அங்கே போய் நீங்கள் பெரட்டுப் போட்டீர்கள். நீங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாளும் கொழுந்து பறித்ததில்லை, உங்கள் வாப்பா காலத்திலிருந்து கடைதான். காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் எப்படிப் பெயர் கூப்பிடுவார்கள், பிந்தி வந்தால் எப்படி அரைநாள் கணக்கில் அரைப்பேர் போடுவார்கள் என்றெல்லாம் என்னிடம் கேட்டுவிட்டு, மறுநாளே நீங்கள் பெயர் கூப்பிட்டுப் பேர் போடும் கண்டாக்கு ஆகிவிட்டீர்கள். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்களை எல்லாம் காலையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பினீர்கள். என்ன வேலை? ஒரு வேலையும் இல்லை. அதுதானே அதிலிருந்த சுகம்.

பெரட்டுக்கு வராதவர்கள் மறுநாள் சாட்டுச் சொல்ல வேண்டும். பொய் நன்றாக இருந்தால் முழுப்பேர். இங்கே றொசல்லையில் ரயிலுக்குக் குறுக்கே மாடு படுத்துவிட்டது என்று எழுதிய டோஹா புஷ்பா அக்காவுக்கு முழுப்பேர் போட்டீர்களே, டோஹாவுக்கும் றொசல்லைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. சாவு வீடு என்று யாராவது சொன்னால் மட்டும் உங்களுக்குப் பிடிக்காது. "அது எல்லாரும் சொல்றது. மூளையைப் பாவிங்க. அரைப்பேர்." அதுதான் சட்டம்.

பக்கத்து மேசையில் இருந்துகொண்டே என்னையும் அப்படித்தான் ஆட்டி வைத்தீர்கள். பஸ் பிந்தி, நனைந்துகொண்டு நான் உள்ளே வருவதைக் கண்ணால் பார்ப்பீர்கள். வாயால் "பிளேன்டீ குடிங்க தங்கச்சி" என்பீர்கள். கையால் "செல்வியை இன்னும் காணோம், எங்கே போய்த் தொலைந்தாள்" என்று அடிப்பீர்கள். நான் நனைந்த கையோடு உட்கார்ந்து பதில் அடிப்பேன். இரண்டு பேரும் வாய் திறக்காமல் சிரித்துக்கொண்டிருப்போம்.

அன்று காலை நான் வந்தபோது வீட்டு வாசல் முழுக்கச் செருப்பு. மாடியில் பெண்களுக்கு நடுவே மச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சுபஹு தொழுதிட்டு வந்து நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாரு தங்கச்சி, அவ்வளவுதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நாள் பூரா யாரோடயோ சிரிச்சுக்கிட்டு இருப்பாரே, அந்த ஆளுங்களுக்கும் சொல்லிருங்க" என்றார்.

கீழே வந்தேன். ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து நுழைந்தேன். உங்கள் கம்ப்யூட்டர் மெஷின் வழக்கம்போல நிறுத்தாமல் கிடந்தது. அதிலேயே களத்தைத் திறந்து, "ரிஸ்வான் நானா இன்று காலை மௌத்தாகிவிட்டார். ஜனாஸா அஸர் தொழுகைக்குப் பிறகு ஹட்டனில்" என்று அடித்து அனுப்பிவிட்டு மாடிக்கு ஓடினேன். அது யார் பெயரில் போகிறது என்று நான் பார்க்கவில்லை. உங்கள் மெஷின், உங்கள் கணக்கு. நீங்கள் செத்துப்போனதை நீங்களே அறிவித்த மாதிரி ஆகிவிட்டது நானா.

மறுநாள்தான் பார்த்தேன். கினிகத்தேனையில் படிப்பிக்கிற நம்முடைய யாழ்ப்பாணத்து மாஸ்டர்தான் முதல் ஆள். "செத்தவர் தானே வந்து தட்டச்சுச் செய்யிறார். சாவெண்டால் அரைப்பேர்தான், உங்கட சட்டம்" என்று போட்டிருந்தார். கீழே புஷ்பா அக்கா, "கண்டாக்கையாவே பெரட்டுக்கு வரலைன்னா நாங்க யாருகிட்ட சாட்டு சொல்றது?" என்று. பிறகு ஒவ்வொருவராக வந்து சிரித்திருந்தார்கள். உங்களைக் குளிப்பாட்டும்போது சிரித்திருக்கிறார்கள். உங்களைத் தூக்கிக்கொண்டு போகும்போதும் சிரித்திருக்கிறார்கள். பின்னேரம் ஆக ஆகச் சிரிப்புக் குறைந்திருந்தது. கடைசியாக மாஸ்டர் எழுதியது இதுதான்: "பகிடி போதும். வாங்கோ."

அதற்குக் கீழே என் பெயரில் உண்மையை எழுதினேன். அதன் பிறகு அந்த மூலையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஓர் அனுதாப வரி கூட இல்லை. தினமும் திறந்து பார்த்தேன். "வாங்கோ" இருந்தது, என்னுடைய பதில் இருந்தது, வேறொன்றும் இல்லை. நீங்கள் போனது ஒரு பக்கம், அந்தச் சிரிப்பையும் நானே கொன்றுவிட்டேனோ என்பது இன்னொரு பக்கம். இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது? சும்மா கதைத்துக்கொண்டிருந்தவர்கள்தானே, அவர்கள் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்பார்கள்.

நேற்று மாஸ்டர் கடைக்கு வந்தார். நீங்கள் கற்பனை செய்த மாதிரி உயரமில்லை. மெலிந்த மனுஷன், கையில் குடை, பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்திருந்தார். "நான் தான் பிள்ளை, மாஸ்டர்" என்றார். உங்கள் நாற்காலியைக் காட்டினேன். அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு பஸ்தான் பிள்ளை. ஏறியிருந்தால் அஸருக்கு முதல் வந்திருப்பன். முகத்தையாவது பாத்திருப்பன். இவ்வளவு கிட்டத்தானே இருக்கிறம், எப்பவும் பாக்கலாமெண்டு ரெண்டு பேரும் சொல்லிச் சொல்லியே இருந்திட்டம். அண்டைக்கு நான் என்ன செய்தனான்? முதல் ஆளா நிண்டு சிரிச்சனான்."

அவர் சிரித்தது என்னால்தான் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், ஆனால் ஏற்றுக்கொள்ளவில்லை. அவரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன். மச்சி இத்தாவில் இருக்கிறார், புருஷன் போனால் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டுமே, கீழே வர முடியாது. நடந்ததை எல்லாம் சொன்னேன். உங்கள் பெயரில் அனுப்பியது, அவர்கள் எழுதியது, மாஸ்டர் கீழே நிற்பது, ஒன்றையும் மறைக்கவில்லை. ஏசுவார் என்று நினைத்தேன். மச்சி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பக்கத்தில் போனால், சிரிக்கிறார் நானா. கண்ணீர் வழிய வழியச் சிரிக்கிறார்.

"அரைப்பேரா போட்டாரு அந்த மாஸ்டர்? சரியாத்தானே போட்டிருக்காரு. இவரு சட்டம் இவருக்கு மட்டும் இல்லாம போயிருமா? அவரைக் கவலைப்பட வேணாமுன்னு சொல்லுங்க. அன்னைக்கு இந்த வீட்டுல எல்லாரும் அழுதாங்க. இவருக்குப் புடிச்சதைச் செஞ்சது அந்த ஆளுங்க மட்டும்தான்."

அப்படியே போய் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், திரும்பக் கழற்றினார். பிறகு என் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து, "பெரட்டைக் கூப்பிடும் பிள்ளை" என்றார்.

கூப்பிட்டேன். என் பெயரில்தான், இந்த முறை பார்த்துத்தான் அனுப்பினேன். பக்கத்திலிருந்து மாஸ்டர் "இருக்கிறன்" என்று அடித்தார். கொஞ்ச நேரத்தில் டோஹாவிலிருந்து, "இருக்கேன்யா. இத்தனை நாளும் மாடு எந்திரிக்கல" என்று வந்தது. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை.

உங்கள் பெயரையும் கூப்பிட்டேன் நானா. யாரும் பகிடி விடவில்லை. எல்லாரும் எனக்காகக் காத்திருப்பது தெரிந்தது. நான் அரைப்பேர் போட்டேன்.

இனிக் காலையில் பெரட்டு என்னுடையது. பஸ் பிந்தினாலும் மழை அடித்தாலும் கூப்பிடுவேன். ஒவ்வொரு நாளும் உங்கள் பெயரையும் கூப்பிட்டு அரைப்பேர்தான் போடுவேன், முழுப்பேர் போட மாட்டேன். அதற்கு நீங்களே வந்து ஒரு நல்ல பொய் சொல்ல வேண்டும்.

பக்கத்து மேசையில் இருக்கும்,
உங்கள் தங்கச்சி செல்வி