மீட்டர் எங்கே என்று கேட்டது நான்தான்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், கீழ் வீட்டுச் சித்தியும் சுகம், உனக்கும் அந்த இருமல் விட்டிருக்கும் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனிலேயே பேசலாமே, எதற்குக் கடிதம் என்று தோன்றும் உனக்கு. போனில் சொல்லத்தான் இரண்டு தடவை கூப்பிட்டேன். முதல் தடவை சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன், இரண்டாம் தடவை முடியை ஏன் இப்படி வெட்டிக்கொண்டாய் என்று உன்னைத் திட்டிவிட்டு வைத்துவிட்டேன், சொல்ல வந்ததை மட்டும் சொல்லவே இல்லை. எழுதினால் நடுவில் நீ பேச முடியாது, நானும் பேச்சை மாற்ற முடியாது. சித்திக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, நம் மாடிப்படியில் தூசி இருக்கிறது என்று காலையிலேயே மேலே வந்து சொல்லிவிட்டுப் போனாள், அந்த அளவுக்குப் பார்வை தெளிந்துவிட்டது. அப்பா வழக்கம்போலப் பள்ளிக்கூட வேனை ஓட்டிக்கொண்டு, அதில் ஏறும் பிள்ளைகளைப் பற்றி எனக்குக் கோள் சொல்லிக்கொண்டு இருக்கிறார். எனக்கு மட்டும் கரண்ட் ஆபீஸில் தெருவை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், நாய் வளர்க்கிற வீடெல்லாம் பார்த்துப் பொறுக்கி என் தலையில் கட்டியிருக்கிறார்கள், கேட் கம்பி வழியாக எட்டிப் பார்த்தே பாதி மீட்டர்களை எழுதிக்கொண்டு வருகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ அந்த மாடி அறையைப் பார்த்துவிட்டுப் படியிறங்கும்போதே எனக்குப் போன் செய்தாய், ஞாபகம் இருக்கிறதா. பல்கலைக்கழகத்துக்குப் பத்து நிமிஷ நடை, வீட்டுக்கார அம்மா தனியாகக் கீழே இருக்கிறார், நாளைக்குப் போன் பண்ணச் சொல்லியிருக்கிறார் என்று மூச்சு விடாமல் சொன்னாய். அம்மா, அந்த ஜன்னலைத் திறந்தா, என்று ஏதோ ஆரம்பித்தாய். நான்தான் ஜன்னல் கிடக்கட்டும், முதலில் கரண்ட் மீட்டரைப் படம் எடுத்து அனுப்பு என்று உன் வாயை அடைத்தேன். இருபத்திரண்டு வருஷமாக வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிறவளுக்கு வேறு என்ன கேட்கத் தெரியும். நீயும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு அனுப்பினாய். பார்த்தால் இரண்டு மாடிக்கும் சேர்த்து ஒரே மீட்டர். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் மத்தியானம், நீ எனக்கு அனுப்பியிருந்த விளம்பரத்தில் இருந்த நம்பருக்கு நானே கூப்பிட்டேன். சத்தியமாக நல்ல எண்ணத்தில்தான் கூப்பிட்டேன். அந்தப் பெண்ணுடைய அம்மா பேசுகிறேன் என்று தொடங்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் எதிர்ப்பக்கம் ஹலோ என்றதும் என் வாயில் வந்ததெல்லாம் தினமும் வாசலில் நின்று கேட்கிற கேள்விதான். வீட்டில் மீட்டர் எங்கே இருக்கிறது, மாடிக்குத் தனி மீட்டர் உண்டா, மாடியை வாடகைக்கு விடுகிறீர்களா, மொத்தம் எத்தனை பேர் குடியிருக்கிறீர்கள் என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டேன். அந்தம்மா, இல்ல மேடம், மாடி சும்மாதான் கிடக்கு, வாடகைக்கெல்லாம் விடல மேடம் என்று நடுங்கிய குரலில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மேடம் என்று ஏன் கூப்பிடுகிறார் என்றுகூட எனக்கு உறைக்கவில்லை. கரண்ட் ஆபீஸிலிருந்து யாரோ சோதனைக்குக் கேட்கிறார்கள், ஒரே மீட்டரை வைத்துக்கொண்டு மாடியை வாடகைக்கு விடுவது தப்பாம், பெரிய வம்பில் மாட்டிக்கொண்டோம் என்று அவர் பயந்துபோய், அந்த விளம்பரத்தையும் எடுத்துவிட்டிருக்கிறார். சாயங்காலம் நீ அவரைக் கூப்பிட்டபோது அறை இல்லை என்று சொன்னது அதனால்தான்.

அன்றைக்கு நீ அழுதது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. மூணு இடம் ஆச்சும்மா, என்னைப் பார்த்த பிறகுதான் இல்லங்கறாங்க, எங்கிட்டதான் ஏதோ சரியில்ல, மாசக் கடைசிக்குள்ள ஹாஸ்டலைக் காலி பண்ணச் சொல்றாங்க, பேசாம படிப்பை விட்டுட்டு வீட்டுக்கே வந்துடறேன் என்றாய். நீ பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் தெரியுமா, வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்று நீ சொன்னதும் எனக்கு ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. மேஜையில் மூன்றாவது தட்டு வைப்பதுபோல மனசுக்குள் ஒரு நினைப்பு ஓடியது. பெற்ற மகள் அழும்போது அப்படி நினைத்துவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது, அந்த வெட்கத்தில் நாலு நாள் வாயைத் திறக்கவில்லை. உனக்குக் கஷ்டம் கொடுத்ததைவிட, உன்னையே நீ குறைத்து நினைக்கும்படி விட்டுவிட்டேனே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அப்பாவிடம் சொன்னேன். வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைக்கூடக் கீழே வைக்காமல், இதை எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம், சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லு என்றார். உடனே அந்தம்மாவைக் கூப்பிட்டு, நான் ஆபீஸ் இல்லை, அந்தப் பெண்ணைப் பெற்றவள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் பிடித்துக்கொண்டார் பார். ஏம்மா, பெத்தவள்னு முதல்லயே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, நாலு நாளா மாடிக்கு ஏறினாக்கூட லைட்டே போடாம இருட்டுல தடவிக்கிட்டு இருக்கேன் என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். நன்றாகவே வாங்கிக்கொண்டேன். அவர் மூச்சு விட்ட இடத்தில், என் மகளிடம் உங்களுக்கு என்ன குறை தெரிந்தது என்று கேட்டேன். குறையா, நான் சொல்லாமலே ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டுட்டு இறங்கின பொண்ணு அவ, அப்பவே ரூம் இவளுக்குத்தான்னு முடிவு பண்ணிட்டேன் என்றார்.

நல்லா கேட்டுக்கொள். உன் முகத்தைப் பார்த்து அங்கே யாரும் கதவைச் சாத்தவில்லை. முதல் வீட்டை உனக்கு முந்தி வந்தவர்கள் பிடித்துவிட்டார்கள், இரண்டாவது வீட்டில் இரண்டு பேராக வந்தால்தான் தருவோம் என்றார்கள் என்று நீதானே சொன்னாய். மூன்றாவது கதவைச் சாத்தியது உன் அம்மா.

அறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. இந்தக் கடிதம் வருவதற்குள் அந்தம்மாவே உன்னைக் கூப்பிட்டிருப்பார். ஏன் மனசு மாறினார் என்று நீ கேட்டால் சொல்ல மாட்டார், அதை நீங்களே உங்க பொண்ணுகிட்ட சொல்லிக்கங்க என்று கறாராகச் சொல்லிவிட்டார். தனி மீட்டருக்கு என்னென்ன பேப்பர் வைத்து விண்ணப்பம் போட வேண்டும் என்று நானும் அவருக்கு எழுதி அனுப்பிவிட்டேன், இனிமேல் பயமில்லாமல் லைட் போடலாம். அந்த அறை வேண்டுமா வேண்டாமா என்பது உன் இஷ்டம். கோபம் வந்தால் போனில் கத்து, நான் வைக்க மாட்டேன். ஆனால் படிப்பை மட்டும் விடாதே, வீட்டுக்கு லீவில் வந்தால் போதும்.

குளிர் காற்றில் காதை மூடிக்கொண்டு நட. எங்கே குடியேறினாலும் நிம்மதியாகத் தூங்கு, நன்றாகப் படித்து நிமிர்ந்து நில், எங்கள் இருவருடைய ஆசியும் எப்போதும் உன்னோடு இருக்கும். ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. மீட்டர் படமெல்லாம் இனி வேண்டாம். அந்த ஜன்னலைத் திறந்தால் என்று ஆரம்பித்தாயே, மீதியைச் சொல்லு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா