நாற்பது வாட்ஸ்

பதின்மூன்று வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன் அத்தான். போதும். இனிச் சொல்லத்தான் போகிறேன். குறுக்கே பேச நீங்களும் இல்லை.

என் மேசையில் உங்கள் வீட்டு ஹோல் விளக்கின் பல்ப் கிடக்கிறது. கம்பி அறுந்த குண்டு பல்ப். நேற்றுப் பின்னேரம் உங்கள் சீலிங்கிலிருந்து நானே கழற்றினேன். ஆட்டினால் உள்ளே கம்பித் துண்டு கிணுகிணுக்கிறது. அதன் தலையில் அச்சடித்திருக்கும் எண்ணை இதுவரை எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது.

போர் முடிந்து நீங்களும் அக்காவும் புது வீடு கட்டிய வருடம் அது. ஒக்டோபரில் மாதா சுரூபத்தை வீடு வீடாகக் கொண்டுபோய் வைத்துச் செபமாலை சொல்லுவார்கள். உங்கள் முறை வந்தது. வழக்கப்படி ஹோலின் சீலிங்கை மறைத்து வெள்ளைத் துணி கட்டினீர்கள். கொழும்பிலிருந்து வாங்கி வந்த கண்ணாடி விளக்குக் கூடு மட்டும் துணிக்கு வெளியே தெரியவேண்டும் என்று, அதன் கழுத்தைச் சுற்றித் துணியை இழுத்துக் கட்டினீர்கள். வள்ளம் கட்டுகிற கை அல்லவா, ஒரு சுருக்கம் இல்லை. பிறகு அதற்குள்ளும், மற்ற அறைகளின் நாலு கூட்டுக்குள்ளும் நூறு வாட்ஸ் பல்ப்.

கூட்டின் உள்விளிம்பில் ஒட்டியிருந்த வெள்ளித் தாளை நான் வாசித்துக் காட்டினேன். நாற்பதுக்கு மேல் போடக்கூடாது என்று இருந்தது. மூடின கூடு, சூடு வெளியே போக வழியில்லை, வயரின் தோல் கருகும், துணி வேறு தொட்டுக்கொண்டு நிற்கிறது என்றேன். ஏணியின் உச்சியில் நின்றபடி நீங்கள் சொன்ன பதில் இன்றைக்கும் காதில் கிடக்கிறது.

"மச்சான், நீ புத்தகத்தில படிச்சனீ. நான் குப்பி விளக்கில இருந்தனான். இனியும் மங்கலா இருக்கச் சொல்லுறியோ?"

கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். பௌதிகவியல் படித்துவிட்டுக் கந்தோரில் கோப்புப் புரட்டுகிறவன் வேறு என்ன செய்வான்? போய்க் கதிரைகளை அடுக்கினேன்.

மாதா வந்தா. ஊரே ஹோலில் முழங்காலில் நின்றது. கோயில் மூப்பர் செபமாலையைத் தொடங்கினார். மாலையின் மூன்றாவது பத்து மணிகள் உருளும்போது எனக்கு மணம் அடித்தது. மெழுகுதிரி மணம் இல்லை. அயர்ன் பெட்டியைத் துணியில் மறந்துபோய் வைத்தால் வருமே, அந்த மணம். நிமிர்ந்து பார்த்தேன். சுரூபத்துக்கு நேர்மேலே, கூட்டின் கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியில் பழுப்பு வளையம் ஒன்று விரிந்துகொண்டிருந்தது. நான் எழும்பிப் போய் மெயின் சுவிச்சை இறக்கினேன்.

மெழுகுதிரி வெளிச்சத்தில் செபம் முடிந்தது. எல்லாரும் எழும்பியதும் நீங்கள் என்னைக் காரணம் கேட்கவில்லை. சனத்தைப் பார்த்துத்தான் பேசினீர்கள். "மாதா வந்த வீட்டை இருட்டாக்கினவன் என்ர மச்சான்தான். பாத்துக்கொள்ளுங்கோ." மேலே பாருங்கோ என்று நான் கையைக் காட்டினேன். இருட்டில் யார் பார்த்தார்கள்? விடிந்து வந்து பார்த்தபோது துணி அவிழ்க்கப்பட்டிருந்தது. எங்கே என்று கேட்டேன். தோய்க்கப் போட்டாயிற்று என்றீர்கள்.

அதன் பிறகு எனக்கு ஊர் வைத்த பெயர் மெயின் சுவிச். சந்தையில், கோயில் வாசலில், கந்தோரில்கூட. "மெயின் சுவிச் வாறார், கவனம்." நான் உங்கள் படியில் கால் வைக்கவில்லை. நீங்களும் கூப்பிடவில்லை. போன வருடம் நீங்கள் செத்தபோது வாசலோடு நின்றுவிட்டேன். பெட்டி தூக்க ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். என் பெயர் வரவில்லை. அதையும் மறக்கவில்லை.

நேற்று உங்கள் மகள் வந்தாள். "மாமா, செவ்வாய்க்கிழமை மாதா எங்கட வீட்டுக்கு வாறா. ஹோல் லைட் எரியேல்லை. உங்களைக் கூட்டிக்கொண்டு வரச்சொல்லி அம்மா சொன்னவ." மின்சார வேலை செய்ய ஊரில் எத்தனையோ பேர். அக்கா என்னைத்தான் கேட்டிருக்கிறா. போனேன்.

அதே ஏணி. கூட்டைக் கழற்றினேன். நூறைத்தான் எதிர்பார்த்தேன், கருகின வயரைக் கீழே நிற்கிறவர்களுக்குக் காட்ட மனதுக்குள் வசனம்கூட ஆயத்தமாக இருந்தது. உள்ளே இருந்தது நாற்பது. வயரும் பழையது இல்லை, மாற்றியிருந்தது. கூடு மறைத்திருந்த சீலிங் பலகையில், வள்ளத்துக்கு அளவு குறிக்கிற சிவப்புப் பென்சிலால், உங்கள் கோணல் எழுத்து: "40க்கு மேல் போட வேண்டாம். சூடு."

நான் ஏணியை அடுத்த அறைக்கு இழுத்தேன்.

"மாமா, அது எரியுதுதானே? ஏன் கழட்டுறீங்கள்?"

"பாக்க வேணும் பிள்ளை."

ஐந்து கூடு அத்தான். ஐந்திலும் நாற்பது. ஐந்திலும் அந்தச் சிவப்பு எழுத்து. கடைசிக் கூட்டைத் திரும்பப் பூட்டும்போது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஏணி ஆட, உங்கள் மகள் பயந்துபோய் இரண்டு கையாலும் பிடித்தாள்.

அக்கா தேத்தண்ணியோடு வந்தா. அத்தான் இதை எப்போது எழுதினவர் என்று கேட்டேன்.

"மாதா போன அடுத்த கிழமை. வயரெல்லாம் மாத்தினவர். என்னெண்டு கேட்டதுக்குத் தூசு தட்டுறன் எண்டவர்."

"அப்ப ஊருக்குச் சொல்லியிருக்கலாமே அக்கா?"

"அந்த மனிசன் எந்த நாள் தன்ர பிழையைச் சொன்னது? நீ மட்டும் என்ன? ஒருக்கா வந்து கேட்டிருந்தா நான் ஏணியை எடுத்துத் தந்திருப்பன்."

தேத்தண்ணியைக் குடித்தேன். ஒன்று சொல்கிறேன், அந்தத் தேத்தண்ணியைப் போல் ருசியாக நான் எதையும் குடித்ததில்லை.

உங்கள் மகள் புது எல்.ஈ.டி. பல்ப் வாங்கி வைத்திருந்தாள். "பெட்டியில அறுபதுக்குச் சமன் எண்டு கிடக்கு மாமா. அப்பா நாற்பது எண்டெல்லோ எழுதியிருக்கிறார்?" அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்: அறுபது என்பது வெளிச்சத்தின் கணக்கு, அது உண்மையில் இழுக்கும் மின்சாரம் ஒன்பது வாட்ஸ்தான், கூட்டில் எழுதியிருப்பது இழுக்கும் வாட்ஸைத்தான். ஒன்பது நாற்பதுக்குள் அடங்கும். மூடின கூட்டுக்கு ஏற்றதா என்று மட்டும் பெட்டியில் பார்க்க வேண்டும், இது ஏற்றது. பூட்டிச் சுவிச்சைப் போட்டேன். நீங்கள் கேட்டுச் சண்டை பிடித்த வெளிச்சம் அத்தான், ஹோல் நிறைய வந்தது. துணியைக் கூட்டிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கட்டச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள். உங்கள் வீட்டில் என் சொல் எடுபட்டது. முதல் தரம் என்று எழுத இருந்தேன். இல்லை, பதின்மூன்று வருடமாக எடுபட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

வென்றது நான்தான். இதை நீங்கள் உயிரோடு இருக்கும்போது உங்கள் முகத்துக்கு நேரே சொல்லக் கிடைக்கவில்லையே என்பதுதான் என் மிச்சக் கோபம். அதை விட்டுவிட நான் இன்னும் ஆயத்தமில்லை. இந்தப் பல்ப்பையும் எறியப் போவதில்லை.

செவ்வாய்க்கிழமை செபமாலைக்கு உங்கள் ஹோலில் மெயின் சுவிச்சுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கப்போகிறேன். சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.

உறையில் உங்கள் பெயரையும் உங்கள் வீட்டு விலாசத்தையும் எழுதிவிட்டேன். அக்காதான் பிரிப்பா. மூப்பருக்கும் வாசித்துக் காட்டுவா, எனக்குத் தெரியும். அடியில் என் பெயரைப் போடப் பேனையை வைத்தேன், பிறகு எடுத்துவிட்டேன். என் சொல்லை ஐந்து இடத்தில் எழுதிவைத்தீர்கள், ஒன்றிலும் அது யார் சொன்னது என்று எழுதவில்லை. இதுவும் பெயர் இல்லாமலே போகட்டும். காலையில் தபாலில் போடுகிறேன்.