துரைசாணியம்மா நடந்த பாதை

என்னை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு மலையெல்லாம் சுற்றிவந்த என் ஆசை வீட்டுக்காரருக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. இந்த முறை பூண்டு நன்றாக விளைந்திருக்கிறது. நம் ஊர் கவுஞ்சிக்குப் பஞ்சாயத்து ரேடியோ வந்துவிட்டது, நம் பெரியவன் அதன் அடியிலேயே கிடக்கிறான். சேதி இவ்வளவுதான். இனி சண்டைக்கு வருகிறேன்.

வத்தலக்குண்டுக்குப் பெண் பார்க்க வந்தபோது என்ன சொன்னீர்கள்? "எங்க மலையில புல்வெளி பூராம் பூவாக் கெடக்கும்" என்றீர்களா இல்லையா? நம்பி வந்தேன். பூண்டு வயலில் களை எடுத்ததைத் தவிர என்னத்தைக் கண்டேன்? கேட்டால், "அட்டை கடிக்கும்டி, பேசாம சோலியப் பாரு" என்பீர்கள். கொடைக்கானல் வெள்ளைக்காரத் துரைசாணியம்மாவை மட்டும் அட்டை கடிக்காதாக்கும்!

வருஷா வருஷம் அவள் பூ சேகரிக்க வருவாள். (அவர் என்று எழுதக் கை வரவில்லை.) நீங்களும் அவளுக்கு வழிகாட்ட, அவள் பூப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். அவளுக்குப் பெட்டி நிறையப் பூ. நான் ஒன்று கேட்டால், "அது காட்டுச்சாமி பூ, வீட்டுக்குக் கொண்டாரக் கூடாது." இது என்னங்க நியாயம்? அப்போதும் வயிறு எரிந்தது, இப்போதும் எரிகிறது.

போன வாரம் அவளே வீடு தேடி வந்தாள். சொந்த தேசத்துக்கே திரும்புகிறாளாம். கடைசியாக ஒருமுறை அந்தப் பாதையில் நடக்கத் துணை கேட்டாள். "நான் வாரேன்" என்றேன். உங்களோடு எங்கெல்லாம் போனாள் என்று என் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது.

காலில் புகையிலையும் சுண்ணாம்பும் தேய்த்துக்கொண்டுதான் போனேன், அப்படியும் நான்கு அட்டை. சோலையைத் தாண்டினால் புல்வெளி. மஞ்சளும் ஊதாவுமாகக் கண்ணுக்கு எட்டிய வரை பூ. சந்தோஷமே வரவில்லை. எனக்கு முன்னால் இவள் பார்த்துவிட்டாளே என்று அழுகைதான் வந்தது.

புல்வெளி ஓரத்தில் காட்டுச்சாமிக் கல். அந்த வழியாகப் போகிறவர்கள் ஆளுக்கொரு தழை ஒடித்துப் போட வேண்டும் இல்லையா? நான் போட்டேன். அவளும் பூட்ஸைக் கழற்றிவிட்டு முறையாகப் போட்டாள். அதையும் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள்!

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "உங்கள் புருஷன் எப்போதும் இரண்டு தழை போடுவார். ஒன்று வீட்டில் இருக்கிறவளுக்கு என்பார்."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏங்க, என் பேருக்கு ஒரு தழை போடத் தெரிந்த மனுஷருக்கு, ஒரே ஒரு நாள் என்னைக் கூட்டிக்கொண்டு போகத் தெரியவில்லையா? என் கால் என்ன நடக்காதா?

இனி வருஷா வருஷம் போவேன், இது சத்தியம். ஆனால் என் தழையை மட்டும்தான் போடுவேன். உங்கள் தழையை நீங்களே வந்து போடுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத உங்கள் வீட்டுக்காரி